ரெட்டைவழியார்

ரெட்டைவழியார் வீட்டை விட்டுக் கிளம்பினால் கூடவே இரண்டு குடைகள் கிளம்பும். ஒன்று கையில், ஒன்று பைக்குள். கையில் இருப்பது காற்றில் மடங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார். பைக்குள் இருப்பதும் மடங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டால், நனைய வேண்டியதுதான், அதற்காக முயற்சியே செய்யாமல் இருக்க முடியுமா என்பார். வீட்டுச் சாவி அவரிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, அது போதாதென்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒன்று. கூடத்தில் கடிகாரம் இரண்டு. அவை இரண்டும் ஒரு நாளும் ஒரே நேரத்தைக் காட்டியதில்லை. ஆகையால் மணி என்ன என்று யாராவது கேட்டால் அந்த வீட்டில் பஞ்சாயத்துத்தான்.

இப்படி எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருக்கிற மனிதர் கல்யாணத்தில் மட்டும் ஏன் ஒன்றோடு நின்றுவிட்டார் என்று அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்காரர்கள் கேட்பார்கள். இது அவர் மனைவியின் காதுக்குப் போனபோது, இருக்கிற ஒன்றைக் கவனிக்கவே இவருக்கு நேரமில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது வேலையால்தான். தொலைபேசிக் கம்பெனியில் பேரிடர்ப் பிரிவின் தலைவர் அவர். பிரிவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேசை, சுவரை அடைத்த ஒரு வரைபடம், ஒரு வயதான ஜீப், அந்த ஜீப்பைவிடக் கொஞ்சம் இளையவரான ஓட்டுநர். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் பூமியே ஆடினாலும் ஊரில் ஒருவருக்கொருவர் போன் பேச முடிய வேண்டும். இந்த நான்கும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

அந்தப் பிரிவு பிறந்ததற்குக் காரணம் முன்பு ஒரு முறை வந்த பெருவெள்ளம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் ஊரும் தொலைபேசி நிலையமும். அந்தப் பக்கம் மேட்டில் ஆஸ்பத்திரி. நிலையத்தின் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தது. வெள்ளம் உள்ளே நுழைந்ததும் முதலில் போய் நலம் விசாரித்தது அதைத்தான். ஊர் முழுக்க போன் செத்துப்போனது. அப்போது அவர் வேலையில் சேர்ந்த புதிது. முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் நிலையத்துக்கே வந்து நின்றார்கள். அதில் ஒரு பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவள் நிலையத்து போனிலிருந்தே பல முறை முயன்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள்:

"தம்பி, அங்க எடுக்கலையா, இல்ல மணியே அடிக்கலையா?"

அவருக்குத் தெரியவில்லை. எடுக்கவில்லை என்றால் ஒரு பயம், அடிக்கவே இல்லை என்றால் வேறு பயம். எந்தப் பயத்தைப் படுவது என்று தெரிந்தால் போதும் என்றுதான் அவள் கேட்டாள். அதைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வடிகிற வரைக்கும் அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பிறகு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். நம்முடைய ஆள்தான் அந்தப் பெஞ்சை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

பிரிவு கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெனரேட்டரை மொட்டை மாடிக்கு ஏற்றினார். அது ஓடும்போது கீழே உட்கார்ந்திருப்பவர்களின் பற்கள் கிடுகிடுத்தன. எழுதினால் கையெழுத்து கோணியது. அவர் அசைந்துகொடுக்கவில்லை. பேட்டரிகளை ஆள் உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றினார். பிறகு வழிகளுக்கு வந்தார். ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று இருக்க வேண்டும்; அந்த இன்னொன்று முதலாவதன் பக்கத்திலேயே போகக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் ரெட்டைவழியார் ஆனார். சுவர் வரைபடத்தில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சிவப்புக் கோடு: சொந்தக் கேபிள், சாலைப் பாலத்தின் வழியாக. கீழே தள்ளி ஒரு நீலக் கோடு: வேறொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது, ரயில் பாலத்தின் வழியாக. மேலாளர் அந்த இரண்டு கோடுகளையும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவார். ரெட்டைவழியார் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பெருமைப்படுவார்.

இந்தக் குணம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனைவியின் அண்ணன் ஊருக்கு மேல்புறத்தில், ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி இறங்குகிற இடத்தில், மரவாடி வைத்திருந்தார். தன் மரவாடியின் நல்ல மரத்தையெல்லாம் இழைத்து ஒரு மாடிவீடு கட்டி, குடிபோன அன்று சொந்தபந்தம் எல்லோரையும் அழைத்திருந்தார். படிக்கட்டைத் தடவித் தடவி அவர் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வீட்டைச் சுற்றி வந்த ரெட்டைவழியார் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்:

"எல்லாம் சரி மச்சான். கீழ தீப்பிடிச்சா மாடியில இருக்கறவங்க எந்த வழியா இறங்குவாங்க?"

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்கு வந்து தீப்பிடிக்கும் என்று சொல்வதற்கா உங்களைக் கூப்பிட்டேன் என்று கேட்டார். அதோடு சரி. இரண்டு பேரும் பேச்சை முறித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ரெட்டைவழியார் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்கு எதற்கு வருத்தப்படுவது என்று வீம்பாக இருந்துவிட்டார்.

பல வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு என்று இருந்தது அவர் மனைவி வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அண்ணனுக்கு போன் செய்வாள். இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, உங்கள் அண்ணனிடம் இதைச் சொல், அதைக் கேள் என்று தூது விடுவார். அவளும் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, அண்ணன் உங்கள் உடம்பை விசாரித்தார் என்பாள், உங்களைப் பார்க்க வரவேண்டும் என்று இருக்கிறார், வேலைதான் விடவில்லை என்பாள். ஆள் இறங்கி வருகிறார், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இவர் பேப்பரைத் திருப்புவார்.

அந்த வருஷம் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது தன் சிவப்புக் கேபிளைப் பார்வையிடச் சாலைப் பாலத்துக்குப் போனார். அவருடைய குழாய் பாலத்தின் மேல்பக்கச் சுவரை ஒட்டிப் பத்திரமாக இருந்தது. மனம் நிறைந்து திரும்பியவர் சும்மா எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு குழாய். அதன் மேல் வாடகைக்குக் கேபிள் கொடுத்த கம்பெனியின் முத்திரை.

அந்தக் கம்பெனியின் மேற்பார்வையாளரைப் பிடித்து விசாரித்தார். ரயில் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை வந்ததாம், கேபிளை எடுக்கச் சொன்னார்களாம், எடுத்து இங்கே போட்டுவிட்டார்களாம். இங்கே ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு அந்த மனிதர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"உங்க குழாய் இங்க இருந்துச்சு சார். நீங்க போட்ட இடம்னா பத்திரமாத்தான் இருக்கும்னு நாங்களும் இங்கயே போட்டுட்டோம்."

அவருடைய பேர் வாங்கிக் கொடுத்த பரிசு அது. சிவப்புக் கோட்டை அவர் நடந்தே பார்த்திருந்தார். நீலக் கோட்டைக் காகிதத்தில் பார்த்ததோடு சரி. பெருவெள்ளம் வந்து அந்த ஒரு பாலத்தை அடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு வழியும் கிடையாது. பழைய பெஞ்சும் அந்தப் பெண்ணும் அன்று பகல் முழுக்க அவர் கூடவே ஜீப்பில் வந்தார்கள்.

மேலாளரிடம் அன்றே போய் ஒப்புக்கொண்டார். மேலாளர் வரைபடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புதிதாக டவர் கட்டுவது அடுத்த வருஷத்துப் பேச்சு. செயற்கைக்கோள் போன் ஒன்று உண்டு. அது மேலாளரின் அலமாரியில் பேட்டரி செத்து உறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியே இல்லையா என்று மேலாளர் கேட்டார். ரெட்டைவழியாரின் விரல் வரைபடத்தில் ஆற்றோடு மேலே மேலே போய், இரண்டு பாறைகளுக்கு நடுவே நின்றது. அங்கே பாறைக்குப் பாறை கேபிளை உயரத்தில் இழுத்துக் கட்டினால் எந்த வெள்ளமும் எட்டாது. பள்ளத்தில் இருக்கும் பாலத்துக்கு என்ன ஆனாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தக் கரைப் பாறைக்குப் போக ஒரு மரவாடிக்குள்ளே கம்பம் நட வேண்டும். சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வாங்குவதற்குள் மழையும் போய்விடும். சொந்தக்காரர் மனது வைத்தால் உண்டு.

யார் அந்த ஆள் என்று மேலாளர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் தெரிந்தவர்தான் என்றார் ரெட்டைவழியார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தை விளக்கி, இதை இன்றே அண்ணனிடம் சொல்லிவிடு என்றார். இதுவரை எந்தத் தூதையும் மறுக்காதவள் கையைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்றாள். நான் என்ன உங்கள் கேபிளா, நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள். எத்தனை சொல்லியும் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் முகத்தில் இருந்தது பிடிவாதம் என்று அவர் நினைத்தார். பயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

போனால் போகிறது, நமக்கா மாற்று வழி தெரியாது என்று வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைக் கூப்பிட்டார். மாமாவிடம் கொஞ்சம் பேசேன் என்றார். அதற்கென்ன அப்பா, அம்மாவிடம் சொல்கிறேன், அம்மா மாமாவிடம் சொல்லிவிடுவாள் என்றாள் மகள். தையல்காரம்மா மரவாடிக்காரர் மனைவிக்குத் துணி தைத்துக் கொடுப்பவள் என்பது நினைவுக்கு வந்து, அங்கே போனார். உங்கள் வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதாதா, அவர்கள் பார்த்துக்கொள்வார்களே என்றாள் அவள். மகள் வழி, தையல்காரம்மா வழி, எந்த வழியில் போனாலும் அது அவர் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேர்ந்தது. இரண்டு வழியையும் ஒரே பாலத்தில் போட்டதற்காக அடுத்த கம்பெனிக்காரனை மனதுக்குள் அத்தனை திட்டியவர், இரண்டு கடிகாரங்களுக்கும் கீழே நாற்காலியைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு மரவாடிக்கு நடந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. மச்சான் புருவத்தில் மரத்தூளோடு நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் தூக்கி ரம்பத்தை நிறுத்தச் சொன்னார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். ஏதோ போன வாரம் வந்துவிட்டுப் போனவரைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

உட்கார ஒரு மரத்துண்டைக் காட்டினார். பேச்சை எங்கே தொடங்குவது என்று இவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கையில், மச்சானே ஆரம்பித்தார். மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க கண்ணைப் பத்திக் கேட்டு விட்டப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். நல்ல வேளை கேட்டீங்க."

ரெட்டைவழியாருக்குத் தூக்கி வாரிப் போட்டது. மரவாடி லாரி கம்பெனிக் கம்பத்தை இடித்த வாரம் அவர் சொல்லி அனுப்பியது, உங்கள் அண்ணனுக்குக் கண் அவிந்துபோய்விட்டதா என்று கேள் என்பது. வேறெதுவும் அவர் மச்சானின் கண்ணைப் பற்றிக் கேட்டதில்லை. முழங்கால் வலிக்கு இவர் சொல்லி அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது என்றார் மச்சான். அவருக்கு முழங்கால் வலி என்பதே இவருக்கு அப்போதுதான் தெரியும்.

"நீங்க மட்டும் என்ன மச்சான், எங்க வீட்டுக்கு வரணும்னு எத்தனை தடவை சொல்லி விட்டீங்க" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நானா? உங்க வீட்டுக்கு ரெண்டு வாசல் இருக்குல்ல, ரெண்டுலயும் காலை வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறைக்குப் போய்ப் பேசுகிற ஒருத்தியின் முகம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமும் அவள் ஒருவர் வசவை எடுத்து இன்னொருவருக்கு விசாரிப்பாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த விசாரிப்பைக் கேட்டுக் கேட்டு, ஆள் இறங்கி வருகிறான், தானாக வரட்டும் என்று இரண்டு பேரும் அவரவர் வாசலில் ஜம்பமாகக் காத்திருந்திருக்கிறார்கள். அசடு வழிந்ததில் இரண்டு பேருக்கும் சமபங்கு.

மச்சான் எழுந்து, வாங்க என்று வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். மாடியிலிருந்து தரைக்கு ஓர் இரும்பு ஏணிப்படி இறங்கியது. பெயிண்ட் வெளுத்து, பழையதாகவே இருந்தது. மச்சான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. பிறகு, கம்பத்தை எங்கே நட வேண்டும் காட்டுங்கள் என்றார் மச்சான். கொடுக்கிற இடத்துக்குப் பதிலாக மரவாடிக்கு ஒரு போன் அந்தக் கேபிளிலேயே வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று வீடு திரும்பியவர் சமையலறை வாசலில் நின்றார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் இடம் கொடுக்க ஒப்புக்கொண்ட சந்தோஷத்தை விட்டுவிட்டு நம்முடைய ஆள் தொழில் தர்மம் பேச ஆரம்பித்தார். கொடுத்த சேதியைக் கொடுத்தபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம், நீ என்னடா என்றால் இத்தனை வருஷம் இப்படிச் செய்திருக்கிறாய் என்றார்.

"உங்க கம்பி சொன்னதைச் சொன்னபடி சொல்லும்" என்றாள் அவள். "அதுக்கு அண்ணன் கிடையாதே."

கத்தி மறுபடியும் காய் மேல் ஓட ஆரம்பித்தது. அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் அன்று நறுக்கவில்லை.

கம்பம் நடுகிற வேலை தொடங்கியது. நேர்ப்பேச்சு வந்ததும் இரண்டு பேரும் கொஞ்சிக் குலாவியிருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்பு. நடுவில் மாற்றிச் சொல்ல ஆளில்லாததால் வந்ததெல்லாம் வந்தபடி போனது. முதல் கம்பம் லாரி திரும்புகிற இடத்தில் வருகிறது என்று மச்சான் கத்தினார். அதைவிட்டால் பாறைக்கு நேர் வராது என்று இவர் கத்தினார். கடைசியில் மரம் அடுக்குகிற மேட்டில்தான் கம்பம் நிற்க வேண்டும் என்று முடிவானது. அப்படியானால் அடுக்கை எங்கே கொண்டுபோவது என்று மச்சான் கேட்டார். கீழே ஆற்றோரம் இடம் சும்மாத்தானே கிடக்கிறது என்றார் ரெட்டைவழியார். முனகிக்கொண்டே அடுக்கை இடம் மாற்றினார் மச்சான். பாறைக்குப் பாறை கேபிள் ஏறியது. ரெட்டைவழியார் இந்த முறை அடுத்த கரைக்குச் சுற்றிப் போய், கோட்டின் அந்த முனை வரைக்கும் காலால் நடந்து பார்த்தார். வரைபடத்தில் பச்சையில் மூன்றாவது கோடு போட்டார்.

அப்புறம் மழை வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக வரவில்லை. வானம் பொத்துக்கொண்டது. பழைய பெருவெள்ளத்தைப் பார்த்தவர்கள் இது அதற்கு அண்ணன் என்றார்கள். நிலையத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. மொட்டை மாடியில் ஜெனரேட்டர் கடகடத்தது. கீழே யாருடைய பல் ஆடினாலும் அன்றைக்கு ஒருவரும் குறை சொல்லவில்லை. ஊரில் செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ரெட்டைவழியார் மாடியில், கோட்டுக்கு ஒரு விளக்கு எரிகிற பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலை வெளிச்சம் நன்றாக வந்திருந்த நேரத்தில் சிவப்பும் நீலமும் சேர்ந்தாற்போல அணைந்தன.

அவர் போனை எடுத்து, பச்சைக் கோட்டில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க, ஆஸ்பத்திரி" என்றது ஒரு பெண்ணின் குரல்.

கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. அவர் கேட்டது: "அங்க மணி அடிச்சுதாம்மா?"

"அடிச்சதாலதானே சார் எடுத்தேன்" என்றாள் அவள். பைத்தியமோ என்று நினைத்திருப்பாள். பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னாள். இரண்டு படகு, ஜெனரேட்டருக்கு எண்ணெய், ஆக்ஸிஜன். அவர் அதை உரிய இடங்களுக்குச் சொன்னார். முன்பு மாதிரியே ஜனங்கள் தண்ணீரைக் கடந்து நிலையத்துக்கு வந்தார்கள். உள்ளே படுத்திருப்பவர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, அவர் தானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகக் கேட்டுச் சொன்னார். அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு நடுவே பச்சைக் கோட்டில் ஓர் அழைப்பு வந்தது. மரவாடி.

"மாப்பிள்ளை, உங்க கம்பம் நிக்குது."

"சந்தோஷம் மச்சான். நீங்க எப்படி இருக்கீங்க?"

"என் மரம் போயிடுச்சு. ஆத்தோரம் அடுக்கினது மொத்தமும் போயிடுச்சு."

ரெட்டைவழியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெரிய மரங்கள் வேறெங்கும் போயிருக்காது. ஆற்றோடு இறங்கி, சாலைப் பாலத்தில் போய் மோதி, அவர் குழாயையும் அடுத்த கம்பெனிக் குழாயையும் வழித்துக்கொண்டு போயிருக்கும். மேட்டில் பத்திரமாக இருந்த அடுக்கை ஆற்றோரத்துக்கு இறக்கச் சொன்னது யார் என்று மச்சான் கேட்டார். இத்தனை காலம் பேசாமல் இருந்த மச்சான் இன்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

"உங்க வழியும் வேண்டாம், உங்க சங்காத்தமும் வேண்டாம். இதை அப்படியே உங்க வீட்டுல சொல்லிடுங்க" என்று போனை வைத்தார்.

ரெட்டைவழியார் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். ஊருக்கெல்லாம் வழி வைத்த நாளில் தன் வழியை அடைத்துக்கொண்டோமே என்று துக்கமாக இருந்தது. மச்சான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சரியாகச் சொல்வது கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை வீட்டிலிருந்து. மனைவியின் குரல் கம்மியிருந்தது.

"அண்ணன் செல்லுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்கலையா, இல்ல மணியே அடிக்கலையா, ஒண்ணும் புரியலைங்க."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் ஆயுசெல்லாம் வேலை பார்த்தார்.

"அந்தப் பக்கம் டவர் இல்ல, அதான். மரவாடி போன்ல நான் பேசிட்டேன். நல்லா இருக்காரு."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. என்ன சொன்னார் என்று கேட்டாள். அப்படியே சொல்லிவிடுங்கள் என்று மச்சான் சொல்லியிருந்தார். கொடுத்த சேதியைக் கொடுத்தபடி சேர்ப்பது முதல் பாடம்.

"உன்னைத்தான் கேட்டாரு" என்றார் ரெட்டைவழியார். "சாப்பிட்டியான்னு கேட்டாரு."

அண்ணனைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் அவள். அவர் யாரையும் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. அதோடு, இந்த வேலையைப் பல வருஷம் செய்தவளுக்குப் புது ஆளின் கை தெரியாமல் போகுமா?

"அவ்வளவு கோவமா இருக்காரா?" என்றாள்.

"மரமெல்லாம் போயிடுச்சு. என்னாலதான்."

"சரி, நீங்க என்ன சொன்னதா நான் சொல்லட்டும்?"

வருத்தம் என்ற சொல்லை அவர் அந்த வீட்டுக்கு இதுவரை அனுப்பியதில்லை.

"நீ இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன். அது போய்ச் சேரலைன்னா, அப்புறம் நீ பேசு. உன் மாதிரியே பேசு."

"சரிங்க" என்றாள். அவள் சிரித்தது தெளிவாகக் கேட்டது.

அவர் மரவாடியின் எண்ணைச் சுழற்றினார். தூரத்தில் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அங்கே அடிக்கிறது என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காதில் வைத்தபடியே அவர் காத்திருந்தார்.